ஆந்தைக்குப் பின்னால்

— பின்னால போண்ணே, போன் காதுலயே இருக்கட்டும். இன்னும் கொஞ்சம்.

— இதுக்கு மேல போனா வேலி மேலதான் ஏறணும், தாயே.

— சரி, அங்கயே நிறுத்து. இப்ப இடிக்கிற மெஷினோட கையத் தூக்கு. சுவத்துக்கு மேல தெரியணும்.

— தூக்கணுமா? இத்தனை நாளா, “ஆந்தைக்குப் பின்னால உன் மெஷின் படத்துல விழுது, ஓரமாத் தள்ளு”ன்னு என் உயிர எடுத்தியே!

— அப்ப விழக் கூடாது. இப்ப விழணும்.

— செங்கல் குவியல் மேல குப்புறப் படுத்துப் படுத்து உனக்கு மூளை கலங்கிடுச்சு.

— கேளேன். வனத்துறை மேடம் நேத்து என் படத்தைப் பாத்துட்டு, “ரொம்ப அழகு. ஆனா ஒரு ஆந்தை, பின்னால வெறும் பச்சை. இது அந்த ஐஸ் கம்பெனிச் சுவர்தான்னு எப்படி நம்புறது? உள்ள குஞ்சு இருக்குன்னு எதை வச்சு இடிக்கிறதைத் தடுக்கிறது?”ன்னுட்டாங்க.

— நியாயம்தானே! பின்னால இருக்கிறதையெல்லாம் மூடுபனி மாதிரி கரைச்சாத்தானே உனக்குத் தூக்கம் வரும். பரிசு வாங்கின கையாச்சே.

— இன்னிக்கு ஒண்ணையும் கரைக்கல. சுவத்துல கம்பெனி பேரு, பொந்து, உடைஞ்ச ஜன்னல், அது வழியா கேபின்ல நீ. எல்லாம் பளிச்சுனு தெரியணும்.

— நானுமா? காண்ட்ராக்டர் தொலைச்சுக் கட்டிடுவாரு. டீ குடிச்சுட்டு வரதுக்குள்ள சுவர் தரையில கிடக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.

— அதுக்குள்ள முடிச்சுடலாம். கையை இடது பக்கம் திருப்பு. அம்மா ஆந்தை தலையில கொம்பு முளைச்ச மாதிரி நிக்குது.

— உன் இடதா, என் இடதா?

— என் இடது. அதான், உன் வலது. போதும், போதும்! தலைக்குப் பின்னால வெறும் வானம். எஞ்சினை நிறுத்திடு, குவியலே அதிருது.

— நிறுத்தியாச்சு. சட்டுபுட்டுன்னு எடு.

— குஞ்சு வரட்டும். அம்மா உன்னையே உத்துப் பாக்குது.

— பாக்கட்டும். எங்க மாமனார் பாக்காத பார்வையா? குஞ்சு இருக்குன்னு நீ ஒருத்திதான் சொல்ற. எனக்கு ஆந்தையும் ஒண்ணுதான், செங்கல்லும் ஒண்ணுதான். கிட்டப் போய் பொந்துல எட்டிப் பாத்து எடுத்துட்டு வாயேன்.

— போனா அம்மா பறந்துடும், குஞ்சு பதுங்கிடும். அதுவா வரணும்.

— அதுவா வரதுக்குள்ள காண்ட்ராக்டர் வந்துடுவாரு. வந்துட்டாரு, பாப்பா. வண்டி கேட்டுக்குள்ள நுழையுது.

— அசையாத.

— இறங்கிட்டாரு. இடி, இடின்னு கையை ஆட்டுறாரு.

— அசையாதண்ணே, கெஞ்சிக் கேக்கறேன்.

— கேபின் கதவையே தட்டுறாரு. வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு சொல்லிட்டேன்.

— ஆகலையா?

— சாவியைத் திருப்பினாத்தானே ஆகும்!

— வேலை போயிடும்ணே.

— தங்கச்சியாப் பொறந்து தொலைச்சியே, என்ன பண்றது. உனக்காகத்தான் பண்றேன். ஆந்தைக்காக ஒண்ணும் இல்ல.

— அண்ணே! ஒரு தலை! பஞ்சு உருண்டை மாதிரி... ஐயோ, இன்னொண்ணு! அம்மா மேலயே ஏறப் பாக்குது!

— பேசிக்கிட்டே இருக்கா பாரு! எடுடி!

— எடுத்துட்டேன்! மூணு முகமும் நேரா பாக்குது. பின்னால உன் மெஷின் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது!

— அனுப்பு மொதல்ல!

— போயிடுச்சு. பாத்துட்டாங்க. இரு, மேடம் கூப்பிடுறாங்க. லைன்லயே இரு, வச்சுடாத.

— நான் எங்க வைக்கிறது? இவரு வண்டி மேலயே ஏறிட்டாரு. பாப்பா... பாப்பா, இருக்கியா?

— அண்ணே! நின்னுடுச்சு! குஞ்சுங்க பறந்து போற வரைக்கும் ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாதாம்! அவருக்கும் இப்பவே போன் பண்றாங்களாம்!

— அடிக்குது, அடிக்குது! “சரிங்க மேடம், சரிங்க மேடம்”ங்கிறாரு. தாயே, போன்ல பேசுறதுக்குப் போய் தொப்பியைக் கழட்டிட்டாரு! ஒரு விசில் அடிச்சுக்கட்டா?

— அடிக்காத, குஞ்சு பயந்துடும்!

— ஜெயிச்சுட்ட பாப்பா! சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரிதான் நீ.

— நான் எங்க ஜெயிச்சேன்? “ஆந்தையைப் பாத்து இல்லம்மா, அதுக்குப் பின்னால தூக்கி நிக்கிற அந்த இரும்புக் கையைப் பாத்துத்தான் ஆடிப் போயிட்டேன்”னாங்க மேடம். இன்னொண்ணும் சொன்னாங்க.

— என்ன?

— எனக்கு முன்னாடியே, போன வாரம் ஒருத்தர் கூப்பிட்டு, இந்தச் சுவத்துல ஆந்தைக் குஞ்சு இருக்கு, எப்படியாவது நிறுத்துங்கன்னு அழாத குறையாக் கேட்டாராம்.

— அப்படியா? யாராம்?

— பேரு சொல்லலையாம். ஆனா அவரு பேசப் பேச, பின்னால ஒரு மெஷின் சத்தம் காதைப் பிளந்துச்சாம்.