ஹாம்பர்க் ஆத்தங்கரையில் மடித்த பனியன்

ஹலோ... மச்சானுங்களா? கன்னையன் பேசறனுங்க... ஆமாங்க, உங்க தங்கச்சி அமராவதி ஊட்டுக்காரன்தான். வேற எந்தக் கன்னையன் உங்களுக்கு நேரங்கெட்ட நேரத்துல போன் போடுவான். ஒண்ணு சொல்றேன், சிரிக்காமக் கேளுங்க. செத்துப் போனவன் மடிச்சுக் குடுத்த பனியனைப் போட்டுக்கிட்டு சீமையில ஊரு சுத்தின ஒரே ஆளு இந்த ஒலகத்துலயே நான்தானுங்க...

சிரிக்க வேண்டாம்னு சொன்னேன்...

இல்லீங்க. ஒரு சொட்டுக்கூட இல்லீங்க. வேணும்னா உங்க தங்கச்சிகிட்டயே கேளுங்க... ஆமாங்க, ஆமா, ஆமா. அதே கதைதான். வருசம் ஒண்ணாச்சு, இன்னும் உடமாட்டீங்கறீங்களேன்னுதான் சொல்லுவீங்க, தெரியும். இன்னைக்குக் கதை சொல்லக் கூப்பிடலீங்க. உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்கோணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்...

தோப்புக்குள்ளயா நிக்கறீங்க? என்ன, உடுமலைக் காத்து மொத்தமும் உங்க போனுக்குள்ளயே அடிக்குது. சித்தெ மோட்டார் ரூமுக்குள்ள போயிருங்க... போயிட்டீங்களா? செரி.

விசயம் இதுதானுங்க. என்ற பையன் நிதிஷ் அடுத்த மாசம் மறுக்கா அந்த ஊட்டு வண்டியை எடுக்கறான்... ஆமா, அடுப்பு, கட்டிலு, கக்கூஸு அத்தனையும் முதுகுல சுமந்துக்கிட்டுப் போற அதே வண்டிதான். நத்தைன்னு நீங்கதான பேரு வெச்சீங்க... ஹாம்பர்க்குக்கேதான். நானும் அமராவதியும் போறோம். அப்பறம் ஜெயசுதா...

எந்த ஜெயசுதாவா? செத்துப் போன நம்ம முருகேஷ் சம்சாரமுங்க...

ம்... ஆமாங்க. வாரேன்னு சொல்லியிருக்குது. ஆனா ஒரு நிபந்தனை வெச்சிருக்குது. அங்கதான் நீங்க வர்றீங்க. இருங்க, வரிசையாச் சொல்றேன்.

அந்த ஊருல வண்டியக் கண்ட எடத்துல நிறுத்த முடியாது, உங்களுக்கே தெரியும். ரெண்டு கேம்ப்பு பாத்து வெச்சிருக்கான். ஒண்ணு, போன வருசம் நாம எறங்கின ஆத்தங்கரைக் கேம்ப்பு. இன்னொண்ணு புதுசு, ஊருக்கு வடக்கால. நீச்சக்கொளமெல்லாம் இருக்குதாம். ஆத்தங்கரையில ஒரே ஒரு எடந்தான் மிச்சமாம். நாலு மணிக்குள்ள எதுன்னு சொல்லலீன்னா அதுவும் போயிருமுங்கறான். இப்ப மூணே கால். நீங்க எதைச் சொல்றீங்க?...

புதுசா... ம், ரயிலு பக்கம், செரிங்க... தரை காங்கிரீட்டு, டயரு மணல்ல எறங்காது, செரி... கக்கூஸ் டப்பாவக் காலி பண்றதுக்கு வாசல்லயே எடம். அதுவும் செரிதான். நீங்க அந்த டப்பாவைத் தூக்கிக்கிட்டு மணல்ல மூணு மைல் நடந்ததை நான் மறக்கலீங்க... செரி, முன்னூறு அடி. முன்னூறு அடின்னே வெச்சுக்குவோம்... ஆமா, ஆத்தங்கரையில இருந்து மேடேறிப் பஸ்ஸுப் புடிச்சு, அப்பறம் ரயிலு மாறி, அப்பறந்தான் ஊரு. ஜெயசுதாவுக்கு முழங்கால் வேற ஆகாது. நீங்க சொல்றது அத்தனையும் ஞாயம். நானும் அதுகிட்ட இதையேதான் சொன்னேன். அது என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "அவிய அங்க வந்தது நெசம்னா நான் தவழ்ந்துக்கிட்டாவது அந்த மேட்டை ஏறிக்கறேன். நெசமில்லீன்னா எனக்கு எந்தக் கேம்ப்பும் வேண்டாம், சீமையும் வேண்டாம்"னு சொல்லிப்போட்டுது.

இதா, முன்னறையிலதான் உக்காந்திருக்குது. டீ ஆறிக்கிட்டு இருக்குது. நான் மாடிப்படிகிட்ட வந்து நின்னு பேசறேன்...

நான் சொன்னா எப்படீங்க நம்பும்? மொத தடவை அதுகிட்ட பன்னெண்டு பனியன்னு சொன்னேன். ஊரு நோம்பிக்கு வந்தப்ப நாலு டஜனாயிருச்சு. வைகாசியில ஒரு கல்யாணப் பந்தியில வாயி தவறி ஒரு பெட்டின்னு சொல்லிப்போட்டேன். எதுத்த எலையில உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்குது. "கன்னையண்ணன் சொன்னா பத்துல ஒண்ணுதான் தேறும், சாமியப்பண்ணன் சொல்லட்டும்"னு இப்பச் சொல்லுது. நீங்க பனியன் கம்பெனி லேப்புல இருந்தவிய பாருங்க. மூணு தரம் தொவைச்சுப் பாக்காம ஒரு சாயத்தை நல்ல சாயம்னு சொல்லாத ஆளு. உங்க ஒரு வார்த்தை, என்ற வார்த்தை ஆயிரத்துக்குச் சமம்...

நடக்கலீன்னு சொல்லுவீங்களா? சொல்லுங்க. ஆனா நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லிப்போட்டுச் சொல்லுங்க.

அன்னைக்கு விடிஞ்சு எட்டு மணி. மூடுபனி. ஆறு எங்க இருக்குது, மணலு எங்க முடியுதுன்னே தெரியல. பனிக்குள்ள இருந்து மூணு பனைமரம் ஒசரத்துக்கு ஒரு கப்பல்... செரி, ரெண்டு பனைமரம். பெட்டி மேல பெட்டியா அடுக்கிக்கிட்டு, ஒரு சத்தமும் இல்லாமப் போச்சு. நீங்கதான் சொன்னீங்க, "முருகேஷ் இருந்திருந்தா இன்னேரம் பெட்டிய எண்ணியிருப்பான்"னு. சொன்னீங்களா இல்லீங்களா?...

ஆங். முப்பத்திரெண்டு வருசம் நம்ம கம்பெனி பேக்கிங் டேபிள்ல நின்னு, பெட்டிக்குப் பெட்டி ஹாம்பர்க்கு, ஹாம்பர்க்குன்னு மை வெச்சு அனுப்பின மனுசன். நம்மளோட அந்த ஊரைப் பாக்கறதுக்கு பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து வெச்சிருந்தான். மாசி மாசத்துல போயிச் சேந்துட்டான். நாம ரெண்டு பேரும் அவன் எடத்துல அரிசி மூட்டைய வெச்சுக்கிட்டுப் போனோம்.

பக்கத்து வண்டிக்காரங்கெல்லாம் ஒவ்வொருத்தராக் கெளம்பிட்டாங்க. வண்டி நின்ன எடமெல்லாம் புல்லு சப்பையாப் படுத்துக் கெடந்துச்சு, பாயைச் சுருட்டின எடமாட்டம். நெனச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்குதுங்க. அத்தனாம் பெரிய எடத்துல நம்ம வண்டி ஒண்ணுதான். ராத்திரி தொவைச்சதை அந்த மரத்துக்கும் வண்டிக்கும் கயிறு கட்டிக் காயப் போட்டோம். நிதிஷ் முன்னாடியே டவுனுக்குப் போயிட்டான். நாமளும் பஸ்ஸுக்கு மேடேறிட்டோம். சாயங்காலம் திரும்பி வந்தா... கயித்துல ஒண்ணும் இல்ல. வண்டிப் பந்தலுக்குக் கீழ, அந்த மடக்கு மேசை மேல பன்னெண்டு பனியனும் அடுக்கியிருந்துச்சு. என்ற எக்ஸெல்லு அடியில, உங்க மீடியம் மேல. ஒவ்வொண்ணுக்கு உள்ளயும் அட்டை...

ஆமாங்க, ஆமா. பக்கத்து வண்டி டச்சுக்காரக் கெழவி மடிச்சிருப்பான்னுதான் இத்தனை நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க. ஏனுங்க மச்சா, காய வெச்ச துணிக்கு எந்த ஊருக் கெழவி அட்டை வெச்சு மடிப்பா? நாம தின்னு போட்ட ரொட்டி டப்பாவ அளவா வெட்டி உள்ள வெச்சிருந்துச்சுங்க. அட்டை வெச்சு மடிக்கறவன் திருப்பூர்க்காரன். அதுலயும் கழுத்துக்குக் கீழ எடதுபக்கம் ஒரு சின்னச் சுருக்கம். பெட்டிக்கு நாடா போடற மிஷின்ல முருகேஷுக்கு எடது கட்டைவிரலு மாட்டினதுல இருந்து அது மடங்காது. அந்தப் பக்கம் இழுத்துப் புடிக்க முடியாம ஒரு சுருக்கம் உழுகும். உள்ளங்கையில ரெண்டு தரம் தேச்சு உடுவான். எத்தனை தரம் நீங்களே அவனைத் திட்டியிருக்கீங்க. அந்தச் சுருக்கம் டச்சுக்காரிக்கு எப்படீங்க வரும்?

அதும்போக அந்தக் கெழவி காலைல நமக்கு முன்னாடியே போயிட்டா. அவ வண்டிக்குப் பின்னால நின்னு கை காட்டி ரிவர்ஸ் எடுத்து உட்டதே நீங்கதான்...

மச்சா... லைன்ல இருக்கீங்களா?... காத்து சத்தந்தான் கேக்குது. மறுக்கா வெளிய வந்துட்டீங்களா?...

என்னுங்க?... பன்னெண்டு இல்லையா? இந்த ஒரு வாட்டியாவது நான் செரியாத்தானுங்க சொல்றேன், பன்னெண்டு. எண்ணிப் பாத்தேன்... பதினொண்ணா? அவன் மடிச்சது பதினொண்ணுதானா...

அவன்னு சொன்னீங்க.

இல்லீங்க, இப்பச் சொன்னீங்க. அவன்னு சொன்னீங்க மச்சா...

இருங்க, இருங்க, நான் உக்காந்துக்கறேன்... ம், சொல்லுங்க... எப்ப? பஸ் ஸ்டாப்புல இருந்தா? கேஸ் மூடினமா இல்லையான்னு பாக்கறதுக்குத்தான போனீங்க. நான் அங்கயே நின்னுக்கிட்டு ரெண்டு பஸ்ஸ உட்டேனே... ம்... ம்... வந்தப்பறம் நாள் முச்சூடும் நீங்க வாயே தொறக்கல. மேடேறினதுல மூச்சு வாங்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்...

பந்தலுக்குக் கீழயா. முதுகு மட்டுந்தானா... என்ன சட்டை?... ஐயோ. அந்த ஊதாக் கட்டமா. அது அவனுக்குக் கடைசியாப் போட்டு அனுப்பின சட்டை...

ம்... சொல்லுங்க. நான் ஒண்ணும் பேசல.

... ஆமா... உள்ளங்கையில. ரெண்டு தரம்... ஆமா...

எத்தனை நேரம் நின்னீங்க?... அந்தத் தண்ணிக் கொழாய்க்குப் பின்னாலயா. ஏனுங்க, ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே. "முருகேசு"ன்னு ஒரு வார்த்தை. பயமா இருந்துச்சுங்களா?... பயமில்லையா...

கூப்பிட்டாப் போயிருவான்னா...

ம்.

... ம்... கப்பல் சங்கு ஊதுச்சு. நீங்க ஆத்துப் பக்கம் திரும்பினீங்க. திரும்பிப் பாத்தா ஆளில்ல... பதினொண்ணு அடுக்கி இருந்துச்சு. பன்னெண்டாவது விரிச்ச மேனிக்கு, மேல அட்டையோட... அதை நீங்களா மடிச்சீங்க? நீங்களா?...

அட சாமி. அதான் ஒண்ணு மட்டும் கோணையா, கை வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதை மட்டும் நான் ஒருத்தருகிட்டயும் சொல்லலீங்க மச்சா. பேய் மடிச்சது இப்படிக் கோணையாவா இருக்கும்னு சிரிப்பாங்க, கதைக்கு ஆகாதுன்னு உட்டுப்போட்டேன். வாழ்க்கையில நான் கொறைச்சுச் சொன்னது அது ஒண்ணுதான்...

இல்லீங்க, சிரிக்கலீங்க.

ஏனுங்க, இத்தனை நாளு ஏன் சொல்லல? நாலு பேரு முன்னால என்னையப் பொய்யனாக்கி... அது கெடக்கட்டும், நான் பொய்யன்தான். அதுகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல...

ம்... முப்பது வருசம் ஒட்டுக்காச் சோறு தின்னவன் கண்ணு முன்னால நிக்கறான், கொழாய்க்குப் பின்னால ஒளிஞ்சு நின்னேன்னு எப்படிச் சொல்றதுன்னு... ஆமா... செரிங்க. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. நானா இருந்தா அந்த ஆத்துல குதிச்சு நீந்தித் தூத்துக்குடிக்கே வந்திருப்பேன்.

மச்சா, ஜெயசுதா எந்திரிச்சு வந்துருச்சு. படிகிட்ட நிக்குது. என்ற மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்குது. நான் ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களே சொல்லிருங்க... நானா? நான் சொன்னா அது நம்பாதுங்க. பதினொண்ணுன்னு சொன்னாக்கூட இருபதுன்னு நெனைக்கும்...

அவிய என்ன பேசுனாங்கன்னு கேட்டா, ஒண்ணும் பேசலீன்னே சொல்லுங்க. இருந்ததைச் சொன்னாப் போதும்... இல்லீங்க, அது பேச்சைக் கேக்கல. இங்க அது கேக்கறது வேற. இருங்க... என்னம்மிணி?... செரி, கேக்கறேன்.

மச்சா, அவிய இருமுனாங்களான்னு கேக்குது. பஞ்சுத் தூசி இருமல். கடைசி ஆறு மாசம் தலகாணிய நெஞ்சுல வெச்சுக்கிட்டு உக்காந்தே தூங்கினானே, அதைத்தான் கேக்குது. அங்க நிக்கறப்ப இருமுனாங்களா, இல்லையா. அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியோணுமாம்.

ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். நான் வாயவே தொறக்கல. சொல்லுங்க...

...

... சித்தெ சத்தமாச் சொல்லுங்க மச்சா, காத்து அடிக்குது...

...

ஒருக்காக்கூட இல்லையா... பதினொண்ணு மடிக்கற வரைக்கும்...

...

போதுங்க மச்சா. நடந்துச்சு, நான் பாத்தேன்னு நீங்க சொன்னது அதுக்குக் கேட்டுருச்சு. இதா, என்ற கையில இருக்கிற போனைக் கேக்குது, நிதிஷுக்குப் போட்டு ஆத்தங்கரைன்னு சொல்றதுக்கு. வெச்சுடறனுங்க.