எட்டாம் மாடிக் கதவு

மேடையில் அமர்ந்திருக்கும் பாதிரியார் அவர்களே, தொழிலாளர் குழுத் தலைவர் அவர்களே, லோரென்சன் கோபுரத்தில் உழைத்து முதுகு வளைந்த என் தோழர்களே, கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் திரு. கார்ஸ் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். ஆன்னெக்ரெட் போல்மான் பேசுகிறேன். எனக்கு நயமாகப் பேச வராது. என்னோடு குப்பை கொட்டிய உங்களுக்கு அது தெரியும்.

நம் கட்டடக் காப்பாளர் ஏவால்ட் தீட்ஜென் போய்விட்டார். அடுத்த மாதம் கோபுரத்துக்கும் வெடி வைக்கப் போகிறார்களாம். அது பிறந்ததே சாவுக்கு மேல்தான். போரில் குண்டு விழுந்து எரிந்த ஹாம்பர்க் தெரு அது. 1954இல் அஸ்திவாரம் தோண்டியபோது மண்வெட்டிக்கு மண்வெட்டி எலும்பு வந்தது. வேலையாட்கள் விலகி ஓடினார்கள். அந்த எலும்புகளைச் சாக்கில் கட்டிக் கல்லறைக்குச் சுமந்தது யார்? ஏவால்ட் தீட்ஜென்! பதினான்கு மாடியும் எழும்பி நின்றபோது, நிற்காமல் சுற்றும் அந்த மின்தூக்கிக்குப் பொறுப்பேற்றது யார்? அவரேதான்!

அந்தத் தூக்கியை மறக்க முடியுமா? கதவில்லாத மரப்பெட்டிகள் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே இருக்கும், மறுபக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஓடும்போதே ஏற வேண்டும், ஓடும்போதே இறங்க வேண்டும். ‘தீப்பிடித்தால் உடனே நிறுத்துக’ என்று தரைத்தளத்தில் பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தார்கள்.

1961 நவம்பர். அன்று எனக்கு இருபத்திரண்டு வயது நிறைந்தது. பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், அது நம் அலுவலக வழக்கம். எட்டாம் மாடிச் சமையலறையில் கேக்கை வெட்டி, தள்ளுவண்டியில் வைத்து மாடி மாடியாகக் கொடுத்துக்கொண்டு போனேன். மூன்று மணிக்கு நான் பதினோராம் மாடியில் இருந்தபோது, எட்டாம் மாடிக் கோப்பறையில் தீப்பிடித்தது. படிக்கட்டு முழுக்கப் புகை. இறங்க வழி அந்தத் தூக்கி ஒன்றுதான்.

கீழே இயக்குநர் ப்ரூக்னர் நிறுத்தும் பிடியில் கை வைத்தார். விதிப்படி அது சரி. ஏவால்ட் அவர் கையைத் தட்டிவிட்டார்.

“யோவ், கண்ணு தெரியலையா? தகட்டுல என்ன எழுதியிருக்கு, படி!” என்று கத்தினார் இயக்குநர்.

“மேல ஆளுங்க இருக்காங்க, ஐயா.”

இயக்குநர் மறுபடியும் கை நீட்டினார். ஏவால்ட் ஒரே குத்து விட்டார். மூக்கு உடைந்து, இரண்டு பல் கீழே விழுந்தன. விழுந்தவரைக் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தூக்கியின் முன்னால் போய் நின்றார். தீக்குள் புகுந்து இறங்கிய பெட்டிகளில் மனிதர்கள் மயங்கிக் கிடந்தார்கள். ஒரு பெட்டியைத் தவறவிட்டால், அது அடித்தளத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் நெருப்புக்கே ஏறிவிடும். முடியைப் பிடித்து இழுத்தார், காலரைப் பிடித்து இழுத்தார். ஒருத்தர் கால் இடுக்கில் சிக்கி எலும்பு முறிந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அப்படி ஒரு பெட்டியில் இறங்கி வந்த என் சட்டை எரிந்துகொண்டிருந்தது. வெறுங்கையால் அடித்தே அணைத்தார். இருபத்து மூன்று பேர்! இருபத்து மூன்று உயிர்!

பதினான்காம் மாடியில் மூன்று பேர் புகையில் மூச்சு முட்டிச் செத்தார்கள். அதில் ஒருத்தி ஹெட்விக் கார்ஸ். என் பக்கத்து மேசைக்காரி. கடைசி வரிசையில் இருக்கும் திரு. கார்ஸின் தங்கை.

தூக்கி ஓடியதால்தான் புகை மேலே போனது என்றது நீதிமன்றம். ஏவால்டுக்கு ஒன்றரை வருடம் சிறை. தீர்ப்பு நாளில் வாசலில் கல்லெடுத்து அவர்மேல் எறிந்தது யார்? நான்! அவர் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. அந்தத் தழும்பை இன்று இந்தச் சவப்பெட்டியிலும் பார்த்தீர்கள். “கொலைகாரா” என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். வெளியே வந்தவரைத் தொழிலாளர் குழு போராடி வேலையில் சேர்த்தது. கொதிகலன் அறையிலேயே காலம் தள்ளினார். நம்மில் எத்தனை பேர் அவருக்கு ஒரு வணக்கம் சொன்னோம்?

போன வாரம் மருத்துவமனைக்கு என்னை வரச் சொன்னார். தலையணைக்கடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். இதோ, அதை இந்த மேசையில் வைக்கிறேன். காகிதத்தில் துளை போடும் இரும்புக் கருவி. கருகிப்போயிருக்கிறது. அடியில் நான் ஆணியால் கீறிய என் பெயர் இன்னும் இருக்கிறது.

தோழர்களே, எட்டாம் மாடியில் படிக்கட்டுக்கு ஒரு தீத்தடுப்புக் கதவு இருந்ததே! தானாக மூடிக்கொள்ளும் கதவு. வண்டியைத் தள்ள இடைஞ்சலாக இருக்கிறதென்று இந்த இரும்பை அடியில் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்தேன். எடுக்க மறந்துவிட்டேன். புகை அந்த வழியாகத்தான் மேலே போனது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். இதுவும் தீயில் போயிருக்கும் என்று நம்பிக்கொண்டுதான் கல்லெடுத்தேன்.

தீ அணைந்ததும் முதலில் மேலே போனவர் அவர். இதை எடுத்து நீதிபதி முன்னால் வைத்திருந்தால் அன்றைக்கே வீடு போயிருக்கலாம். ஏன் வைக்கவில்லை என்று அழுதுகொண்டே கேட்டேன்.

“வெச்சா உன்னைக் கிழிச்சுப் போட்டிருப்பாங்கம்மா. கஷ்டப்பட்டு இழுத்துப் போட்ட ஆளாச்சே நீ” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு ஒரு துண்டு கேக் எடுத்து வைக்கலையே நீ” என்று சிரித்தார். அதோடு தூங்கிவிட்டார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லோரும் உறுதி சொன்னார்கள். நான் என்ன சொல்ல? நாளை காலை ஒன்பது மணிக்கு இந்த இரும்போடு அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகிறேன். கோபுரம் விழுவதற்குள் அந்தத் தீர்ப்பு விழ வேண்டும்.

திரு. கார்ஸ் அவர்களே, முப்பத்தைந்து வருடமாக ஏவால்ட் தீட்ஜென் நீட்டிய கையை நீங்கள் தொடவில்லை. கதவைத் திறந்து வைத்தவள் நான். மேடையை விட்டு இறங்கி உங்களிடம்தான் வருகிறேன். என்னை அடிக்க வேண்டுமானால் அடியுங்கள். பிறகு எழுந்து போய் அவர் கையைத் தொடுங்கள், சவப்பெட்டியை இன்னும் மூடவில்லை.