கோழிக்கும் இடம் கேட்டு வாங்கின ஜெஸிந்தா மேடத்துக்கு

கூட்டமே சிரிச்சப்போ உங்களுக்கு மட்டும் ஏன் மேடம் சிரிப்பு வரல?

மண்ணோட மனசறிஞ்ச மகராசியே! மழைக்கு முன்னாடி மலையெல்லாம் போய் மக்கள்கிட்டப் பேசின எங்க ஜெஸிந்தா மேடமே! நிலவியல் பேராசிரியரா இன்னைக்கு ஓய்வு பெறுற உங்களுக்கு, பல்கலைக்கழக ஊட்டி மையத்து ஊழியர்கள் நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு வாசிக்கிற மடல் இது. எழுதினது ஆபீஸ் அசிஸ்டண்ட் அழகர்சாமி. எனக்குச் செந்தமிழ் வராது. பேசுற மாதிரியே எழுதியிருக்கேன், பொறுத்துக்கங்க.

நிலச்சரிவைப் பத்திப் பொதுமக்களுக்குப் பேச்சுன்னா, முன்னெல்லாம் நம்ம அரங்கத்துல நடக்கும். நாமளே பேசி நாமளே கைதட்டுவோம். "சரியுறது அங்க, பேசுறது இங்கயா?"ன்னு கேட்டு புரொஜக்டரை ஜீப்புல ஏத்தினவங்க நீங்க. சர்ச் ஹால், ரேஷன் கடை வாசல், இலை எடை போடுற ஷெட்டுன்னு நீங்க பேசாத எடம் இல்ல. கரண்ட் போனா கையாலயே மலை வரைஞ்சு காட்டுவீங்க. டீக்கும் வர்க்கிக்கும் வந்த கூட்டம், வர்க்கி தீந்த பொறகும் எந்திரிக்காம உக்காந்திருந்துச்சே, அது உங்க பேச்சோட பெருமை!

நான் மலையே இல்லாத ராமநாதபுரத்துக்காரன். ஞாயித்துக்கெழமை ஆனா பேச ஆளில்லாம ரூம்ல கெடப்பேன். உங்க கூட்டத்துக்கு நாற்காலி போட வந்த பொறகுதான் இந்த ஊர்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் கெடைச்சாங்க.

அந்தக் கோழி விசயத்துக்கு வர்றேன். பர்லியார் பக்கம் ஒரு எஸ்டேட் லைன்ல, தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை வீடுங்க முன்னாடி பேசினீங்க. "ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கினா, நல்லா இருந்த கதவு சாத்த மாட்டேன்னா, யோசிக்காம சர்ச் ஹாலுக்கு வந்துருங்க. அது பாறை மேல நிக்குது"ன்னு சொன்னீங்க. கொழுந்து பறிக்கிற மூக்கம்மா எந்திரிச்சாங்க.

"ஏனுங்க மேடம், ஊட்டை உட்டுட்டு வாங்கன்னு சுளுவா சொல்லிப்போட்டீங்க. எங்கோழிக்கு அங்க எடம் இருக்குதுங்களா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். நீங்க மட்டும், "எத்தனை கோழிங்க?"ன்னு கேட்டீங்க. கோழிய விட்டுட்டு அவங்க வரமாட்டாங்கன்னு உங்களுக்கு அப்பவே புரிஞ்சுது.

நேரா சர்ச் ஹாலைப் பாத்துக்கற லூயிஸ் அண்ணன்கிட்டப் போனீங்க. "கல்யாணம் நடக்கற ஹாலுங்க மேடம். கோழி அசிங்கம் பண்ணினா யாரு கழுவறது?"ன்னு அவர் எகிறினாரு.

"நான் கழுவறேன். சாவி மட்டும் குடுங்க."

நம்ம முத்துராஜ் சார்கூட, "மேடம் இனிமே நிலவியல் துறையா, கோழிப்பண்ணைத் துறையா?"ன்னு கிண்டல் பண்ணினாரு. இந்த மடல்ல மொதக் கையெழுத்து அவரோடதுதான்!

மேடமே, முட்டி நோகாம, மூச்சு வாங்காம, இந்த மலையில நீங்க இன்னும் நெடுங்காலம் நடக்கணும். எங்க போனாலும் உங்களுக்கு நாற்காலி போட ஆள் இருக்கணும். வாழ்த்தை முன்னாடியே சொல்லிட்டோம். ஏன்னா ஃப்ரேம் போட்டு மாட்டுறப்போ கடைசி வரியில வேற ஒண்ணு இருக்கணும்னு எங்களுக்கு ஆசை.

போன ஐப்பசியில மூணு நாளா விடாத மழை. சாயங்காலம் உங்களுக்கு போன் வந்துச்சு. "மேடம், கதவு சாத்த மாட்டேங்குதுங்க. கோழியக் கூடையில போட்டுட்டேன். கெளம்பறோம்." மூக்கம்மா முன்னாடி நடக்க, லைனே பின்னாடி வந்துச்சு. லூயிஸ் அண்ணனே குடை புடிச்சுக்கிட்டு ஹாலைத் தொறந்து விட்டாரு.

மறுநாள் காலையில மூக்கம்மா ஊடும் பக்கத்து ரெண்டு ஊடும் மண்ணுக்குள்ள இருந்துச்சு. உள்ள யாரும் இல்ல. நீங்க ஹாலைக் கழுவிக்கிட்டு இருந்தீங்க.