பந்தியில் வாங்கிய கையெழுத்து

மேடையில் இருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மங்களாம்பிகை அண்ணி அவர்களே, மருதங்கொல்லை கால்பந்துக் கழகத்தின் ஆட்டக்காரர்களே, பேராவூரணியிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் வந்திருக்கும் சகோதரக் கழகத்தாரே, கழகச் செயலாளர் குணசேகரனின் வணக்கம். நம் நிறுவனர், தலைவர், அண்ணன் துரைராசு அவர்கள் மறைந்து பதினோரு நாள் ஆகிறது.

எனக்கு முன்னால் பேசிய ஐந்து பேரும் அவரை வள்ளல் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இதே வாய்கள் போன மாதம் வரை என்ன சொல்லின? கிரவுண்டை வித்துத் தின்னவன் என்றுதானே? அவர் பாடையைத் தூக்க நம் அணியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. இருக்கும்போது ஏச்சு, செத்த பிறகு மாலை. நல்ல ஊர் நம் ஊர்.

அந்த மைதானம் எப்படி வந்தது? கஜா புயலில் அவருடைய இரண்டரை ஏக்கர் தோப்பில் ஒரு தென்னை மிஞ்சவில்லை. ஊரெல்லாம் மறுபடி கன்று வைத்தது. அண்ணன் துரைராசு அவர்கள் வேரைப் பிடுங்கி, மேடு பள்ளம் நிரவி, கோல் போஸ்ட் நட்டார். தன் பேரிலேயே வைத்திருந்திருக்கலாம். வைத்தாரா? "நாளைக்கு நான் செத்தா என் வாரிசுங்க பிளாட் போட்டுடுவாங்கப்பா. கழகத்து பேர்லயே இருக்கட்டும்" என்று தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பெற்ற பிள்ளைகளைச் சந்தேகப்பட்டவர் நம்மைச் சந்தேகப்படவில்லை.

தொடர்போட்டி ஒவ்வொரு வருடமும் கையைக் கடித்தது. வெளிநாட்டிலிருந்து நம் ஊர்ப் பிள்ளைகள் பணம் அனுப்பினால்தான் ஜெர்சி, வேன் வாடகை. கழகம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று அலைந்தவன் நான். அப்போதுதான் ஒரு நிறுவனம் வந்தது. முப்பது வருடக் குத்தகை, செயற்கைப் புல், விளக்கு, மாதா மாதம் வாடகை. நம் பிள்ளைகள் இலவசமாக ஆடலாம் என்று வாயால் சொன்னார்கள், பத்திரத்தில் எழுதவில்லை. இன்று ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். நம் கேப்டன் தங்கையன் வாசலோடு திரும்பி வந்தார். கழகத்துக்கு வருமானம் இருக்கிறது, ஆட இடம் இல்லை. இதுவா சொந்தக் கால்?

குத்தகைக்குப் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும். அதில் முதல் கையெழுத்து அண்ணனுடையது. அதைக் காட்டித்தான் நீங்கள் ஏசினீர்கள். அந்தப் பொதுக்குழு எங்கே நடந்தது என்று ஒருவராவது கேட்டீர்களா?

என் மகள் கலைமகள் கல்யாணத்தில், பந்தியில் நடந்தது. சாப்பிட வந்த கழக உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேரிடம், தொடர்போட்டி அனுமதிக்கு என்று சொல்லி நோட்டை நீட்டினேன். முதலில் அண்ணனிடம்தான் போனேன். சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தார். வாளியை இறக்கி வைத்து, துண்டில் கையைத் துடைத்தார். "நீ சொன்னா நான் படிச்சு வேற பாக்கணுமா குணசேகரா?" என்று சிரித்தபடியே போட்டார். மேலே காலியாக விட்டிருந்த இடத்தில் தீர்மானத்தைப் பிறகு எழுதியவன் நான். அண்ணன் சொல்லித்தான் எழுதினேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள்.

உண்மை தெரிந்ததும் அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. "செயலாளரே பொய் சொன்னாருன்னு தெரிஞ்சா இனிமே எவன் கழகத்தை நம்பிக் காசு குடுப்பான்? வித்தது நான்னே இருக்கட்டும், விடு" என்றார். இரண்டு வருடம் அந்தப் பழியைச் சுமந்தார். கூட நின்று நானும் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி, உங்கள் வீட்டுக்காரர் விற்றவர் அல்ல, ஏமாந்தவர். ஏமாற்றியவன் நான்.

அண்ணன் விட்ட பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி எடுத்தார்கள். என் உறுதி இதுதான். குத்தகையை ரத்து செய்யச் சொல்லித் தங்கையன் போட்ட வழக்கு திங்கட்கிழமை பட்டுக்கோட்டைக் கோர்ட்டில் வருகிறது. பொதுக்குழு நடக்கவே இல்லை என்று அவர் பக்கத்துச் சாட்சியாகக் கூண்டில் ஏறிச் சொல்வேன். எனக்குத் தண்டனை வரலாம். வரட்டும்.

அந்த நிறுவனத்தில் மைதான மேலாளராக இருப்பவன் என் மகன் அரவிந்தன். எனக்குக் கிடைத்த கூலி அந்த வேலைதான். திங்கட்கிழமையோடு அது போய்விடும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அரவிந்தா, நீ பின்னால் கதவோரம் நிற்பது எனக்குத் தெரிகிறது. உனக்கும் இப்போதுதான் சொல்கிறேன்.