கிருமி தின்றுவிட்டது

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, மேடம். நான் ஆடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்; அதுதான் ஆடுகிறது. சரி, நின்றுகொண்டே சொல்கிறேன். சிறுநீரகம் கொடுக்க வருகிறவனைத் தனியாகக் கூப்பிட்டு, யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா என்று விசாரிப்பது உங்கள் வேலை. யாரும் மிரட்டவில்லை. வாங்கிக்கொள்ளப் போகிறவள் என் தங்கை. பிறகு ஏன் இந்தப் பதற்றம் என்று கேட்டீர்கள். அதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

போல்ட்டு நட்டுகளுக்கு முலாம் பூசும் ஆலையில் கழிவுநீர்த் தொட்டி என் பொறுப்பு. முலாம் கழுவிய தண்ணீரில் காட்மியம் இருக்கும். தண்ணீரில் கரைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத உலோகம். உடம்புக்குள் போனால் லேசில் வெளியேறாது; சிறுநீரகத்தில் போய்க் குடித்தனம் வைத்துவிடும். அதைப் பிரித்தெடுக்க நான்தான் ஒரு நுண்கிருமியைக் கொண்டுவந்தேன். சர்க்கரைப்பாகு ஊற்றி வளர்த்தால் அது கோழை மாதிரி ஒரு பசையைக் கக்கும். பசையைத் தொட்டியில் விட்டு மெல்லக் கலக்கினால், உலோகத்தையெல்லாம் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, திரிந்த பால் போலத் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். மேலே பளிங்காய்த் தண்ணீர்.

முதலாளி எட்டிப் பார்த்து, உலோகம் எங்கே போச்சு என்றார். பசை பிடித்து வைத்திருக்கிறது, அடியில்தான் கிடக்கிறது என்பது சரியான பதில். அப்படிச் சொன்னால், அடியில் கிடப்பதை என்ன செய்வது என்பார். மூடிய பீப்பாயில் அடைத்து, அதற்கென்றே உள்ள குழிக்கு லாரியில் அனுப்பவேண்டும் என்பேன். அந்தச் செலவைக் கேட்டதும் என் கிருமிக்கும் எனக்கும் கும்பிடு போட்டிருப்பார். நான் துணிக்கடைக்காரர் மகன். வாங்க வந்தவர் கேட்காத கிழிசலை அப்பா ஒருநாளும் விரித்துக் காட்டியதில்லை.

"கிருமி தின்னுடுச்சு முதலாளி" என்றேன்.

"பரவாயில்லையே. நம்ம ஆளுங்களைவிட ஒழுங்கா வேலை செய்யுது, லீவும் கேக்காது" என்றார்.

மாற்றியது ஒரே ஒரு சொல். பிடித்துக்கொண்டது என்பதற்குப் பதில் தின்றுவிட்டது.

அந்தச் சொல் ஆலை முழுக்கப் பரவியது. ஏதோ வேலையாக என்னைப் பார்க்க வந்த தங்கையின் காதிலும் விழுந்தது. அவளும் மச்சானும் ஆலைக்குப் பின்னால் கீரை போட்டு ஊருக்கு விற்கிறவர்கள். தொட்டியின் அடியிலிருந்து அள்ளிக் குவித்திருந்த கருஞ்சேற்றைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள்.

"அண்ணே, தின்னுட்டுச் செத்த கிருமிதானே இது? உரத்துக்கு ஆகுமில்ல?"

ஆகும் என்று நான் சொல்லவில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். வேணும்னா எடுத்துக்கோ என்று மட்டும்தான் சொன்னேன். கேட்டவள் அவள். ஏழு வருடம், வாரத்துக்கு இரண்டு வண்டி. முதலாளிக்கு இடம் காலி, எனக்கு நல்ல பெயர், அவளுக்குக் கீரை.

கீரையும் தளதளவென்றுதான் வந்தது. இளசாகப் பார்த்து எனக்கென்று ஒரு கட்டு கொடுத்தனுப்புவாள். சிரித்த முகத்தோடு வாங்கி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். கீரை வாடையே எனக்கு ஆகாது என்று மனைவியிடம் எப்போதோ சொல்லிவைத்துவிட்டேன். நல்லா இருந்துச்சாண்ணே என்று தங்கை கேட்பாள். வெண்ணெய் மாதிரி இருந்தது என்பேன். வேண்டாம் என்றால் அவள் மனது நோகும் அல்லவா?

ஊர்க்காரர்கள் என்றைக்காவது ஒரு கட்டு வாங்குவார்கள். மூன்று வேளையும் அதையே சாப்பிட்டவள் அவள்தான். தன் விளைச்சலின் மேல் அவ்வளவு பெருமை.

முதலில் எலும்பு வலிக்கிறது என்றாள். பிறகு கால் வீங்கியது. நிறையத் தண்ணீர் குடி என்றேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாக இங்கே சொன்ன நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தொட்டியைச் சுற்றி நடக்கிறேன். கை கழுவுகிறேன், துடைத்துவிட்டு மறுபடி கழுவுகிறேன். உங்கள் டாக்டர் என் சோதனை முடிவுகளைப் பார்த்து அசந்துபோய், இந்த வயசுல கிட்னி இவ்வளவு சுத்தமா இருக்கே, என்ன சாப்பிடுறீங்க என்றார். என்ன சாப்பிடுவதில்லை என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

நேற்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எனக்கு அப்பா, அம்மா எல்லாம் நீதாண்ணே" என்றாள். இரண்டை எடுத்தேன், ஒன்றைக் கொடுக்கிறேன். எந்தச் சந்தையிலும் இதை மோசமான பேரம் என்று சொல்லமாட்டார்கள். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். உன்னுடையது வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நஷ்டம் அவளுக்குத்தான்.

சேறா? போய்க்கொண்டுதான் இருக்கிறது. இன்று காலையில்கூட மச்சான் ஒரு வண்டி ஏற்றிப் போனார். திடீரென்று நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். ஆபரேஷன் முடியும்வரை அவள் மனது கலங்கக்கூடாது என்று நீங்கள்தானே, மேடம், சொன்னீர்கள்.