கேட்டு வாசல் குடங்கள்

"அந்த கம்பெனிக்கு லாபமே நம்ம கொடத்தாலதான்க்கா வருது."

திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டேன். அவள் மடியில் புது பிளாஸ்டிக் குடம் ஒன்று இருந்தது. பக்கத்திலிருந்த மூத்தவள் நம்பவில்லை.

"இன்னாடி ஒளர்ற? அவன் பெட்ரோலு, டீசலுன்னு எண்ண விக்கிறான். ஏதோ புண்ணியத்துக்கு நம்ம தெருவுக்கு தெனம் ஒரு லாரி தண்ணி உடறான்."

"புண்ணியமா? அதுக்கு மின்னாடி நாம இன்னா பண்ணோம்? கொடத்தெல்லாம் எடுத்தாந்து அவன் கேட்டாண்ட ரோட்டுக்குக் குறுக்க வெச்சோம். எண்ண லாரி ஒண்ணாச்சும் வெளிய போச்சா?"

"எங்க போச்சு? பொழுது சாயறவரிக்கும் நின்னுகினு இருந்துச்சு."

"இப்ப நிக்குதா? அப்ப லாபம் யாரால?"

மூத்தவள் விடவில்லை. "நேத்து அந்த கம்பெனி ஆபீசரு விழா மேடையில சமூகப் பொறுப்புன்னு பேசினாரே. நீகூட கை தட்டினியே."

"நல்லா பேசினாரு, தட்டினேன்."

"சரி, தண்ணிய நிறுத்திட்டான்னா?"

"நிறுத்த மாட்டான். என் பழைய கொடம் எங்க கீது தெரியுமா? எல்லார் கொடத்தோடயும் அவன் கேட்டுக்கு எதிர்ல, டீக்கடை ஓரமா அடுக்கி வெச்சிகீறோம். அதான் வூட்டுக்குப் புச்சு வாங்கினு போறேன்."

"அத்த எதுக்கு அங்க வெச்சிகினு?"

"ஆபீசரு தெனம் கார்ல போறப்ப பாக்கணுமில்ல."