சமதரையில் நேராக ஓடும்

உங்கள் மேஜையின் ஒரு கால் குட்டை, இன்ஸ்பெக்டர் சார். அட்டையை நான்காக மடித்து அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். குறையாகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் சக்கரத்துக்குக் கோணம் பார்த்த கண், ஆடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது.

என் தங்கை வீட்டுக்காரர் ஜீப்பை ஆறு அங்குலம் உயர்த்தியிருந்தார். கரடுமுரடான மலைப்பாதையில் ஓட்டுவதில் அவருக்குப் பைத்தியம். உயர்த்தியதில் ஸ்டியரிங் கெட்டுப்போய், என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். வந்த அன்றே, அடுத்த மாதம் தங்கையும் அவருமாக வெளிநாட்டுக்கே போய்விடுவதாகவும் சொன்னார்.

அம்மா செத்துப்போனபோது தங்கைக்கு ஏழு வயது. தலை பின்னிவிட்டதிலிருந்து கல்யாணம் செய்துவைத்தது வரை நான்தான். எனக்கென்று ஒரு குடும்பம் வேண்டாம் என்று இருந்தவன். போவதைப் பற்றி என்னிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆத்திரத்தை உங்களிடம் மறைக்கவில்லை.

வேலையைச் சொல்கிறேன். முன்பக்கம் இரண்டு கம்பிகள் உண்டு. ஒன்று அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும். மற்றது ஸ்டியரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும். இரண்டும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். வண்டியை உயர்த்தினால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். நான் ஒன்றை மட்டும் மாற்றினேன். மற்றதை அதே சாய்வுக்குக் கொண்டுவரச் செய்த இரும்பு பிராக்கெட் இப்போதும் என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

உங்கள் கையில் இருக்கும், சக்கரக் கோணம் அளந்த மெஷின் ரிப்போர்ட் பொய்யில்லை. சமதரையில் அந்த வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடும். ஆனால் நான் எப்போதும் ஸ்பிரிங்கைக் கழற்றி, அச்சை ஜாக்கியில் ஏற்றியும் பார்ப்பேன். நான்கு அங்குலம் ஏறியதும், யாரும் தொடாமலே சக்கரம் இடப்பக்கம் திரும்பியது. இரண்டு தடவை பார்த்துவிட்டு ஸ்பிரிங்கை மாட்டினேன்.

மலையிறக்கத்தில் ஒரு வளைவு, அதில் ஒரு குழி, இடப்பக்கம் அறுபது அடிப் பள்ளம். அவர்கள் மலைக்குப் போவதற்கு முந்தின வாரமே நான் போய் அந்தக் குழியை டேப் வைத்து அளந்திருந்தேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

தெருமுனை வரை ஓட்டிப் பார்த்த மாப்பிள்ளைக்குச் சின்னச் சந்தேகம் வந்தது.

"மச்சான், வேகத்தடையில இறங்குறப்ப லேசா இடது பக்கம் இழுக்குதே?"

"எல்லாம் புதுசு மாப்பிள்ளை. ஓட ஓடப் பழகிடும்."

"நீங்க சொன்னா சரிதான்."

அவருக்குக் கையோ காலோ முறிந்தால் போதும், பயணம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். அவர்தானே எப்போதும் ஓட்டுவார். ஜீப் கவிழ்ந்த அன்றைக்கு அவர், பின்னால் வந்த நண்பரின் வண்டியில் இருந்தார். தங்கையின் உடலைப் பள்ளத்திலிருந்து மேலே கொண்டுவர நான்கு மணி நேரம் ஆனது. அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுததை நீங்களும் பார்த்தீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. இனி அவளை யாரும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போக முடியாது என்றுதான் தோன்றியது.

டிரைவர் சீட் முன்னால் தள்ளியிருந்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், அதற்கு முதல் நாள் சாயங்காலம் வண்டியை எடுக்க அவள்தான் வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு நான் ஓட்டப்போறேன். ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது ஓட்டிப் பாக்கணும். பிரேக்குக்குக் கால் எட்டல, சீட்டக் கொஞ்சம் முன்னாடி தள்ளிக் குடேன்."

பிராக்கெட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை மாட்ட ஒரு மணி நேர வேலை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, அங்கே பார்த்திருக்கும் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். நான் சீட்டை மூன்று விரற்கடை முன்னால் தள்ளி, நான்கு போல்ட்டையும் இரண்டிரண்டு முறை இறுக்கினேன். போகிற வழியில் சீட் ஆடி, அவளுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதில்லையா.